ஹோல் நீளத்துக்கு ஒரு ரயில்பாதை

எனக்கென்று கட்டிய வீட்டில் நான் தனியாகத்தான் குடிபுகுந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகள் பிறந்தால் தகப்பன் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். என்னுடைய வீட்டுக்கு அப்பா கொஞ்சம் பெரிய ஹோலாகவே போட்டார். மணவறை வைத்த பிறகும் சனம் இருக்க இடம் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. வீடு முடிந்து மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நேரம் நாடு குழம்பியது. ஓடினோம், வந்தோம், திரும்பவும் ஓடினோம். ஒரு இடம் சரிவந்து, அதுவும் இடையில் நின்றுபோனது. அதற்குள் தங்கச்சிக்கும் கல்யாண வயதாகிவிட்டது. வேலிக்கு அங்கால் அவளுக்கு இன்னொரு வீடு கட்டி, அவளுக்கு முதலில் முடித்துக் கொடுத்தார்கள். அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்று, தையல் பழகியவள் நான். விறாந்தையில் மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சட்டையும் சாரி பிளவுசும் தைத்துக்கொண்டிருந்தேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் விறாந்தையோடு போய்விடுவார்கள். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, அந்த ஹோலில் எனக்கிருந்த வேலை அதைக் கூட்டுவது மட்டும்தான்.

தங்கச்சியின் புருசன் கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது மூத்த மகளுக்கு ஒரு பட்டரி ரயில் கொண்டுவந்தார். பிள்ளை அதை உடைத்துவிட்டு, திருத்தித் தரச்சொல்லி என்னிடம் தந்தது. திருத்தினேன். அதற்குள் அவளுக்கு ஆசை விட்டுப்போயிருந்தது. ஹோல் நடுவில் வைத்து ஓடவிட்டேன். வட்டத் தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல் வட்டையைத் தாண்டினால் ரயில் பாதை. நான் பிறந்த நாளிலிருந்து கேட்கிற சத்தம் அது. மட்டக்களப்புத்தான் கடைசி ஸ்டேசன். அதற்கங்கால் பாதை இல்லை. வந்த ரயில் நிற்க வேண்டியதுதான். எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தால் கொண்டுவந்து, மற்றத் தலையில் கொளுவினால்தான் திரும்பிப் போகலாம். இந்தப் பொம்மை ரயிலோ எங்கேயும் வந்து சேராமல் ஓடிக்கொண்டிருந்தது. வட்டத்தை நேராக்கினால் என்ன என்று நினைத்தேன். அப்படித்தான் தொடங்கியது.

அந்தப் பொம்மை எஞ்சின் விரைவில் செத்துப்போனது. டவுனில் போன் கடை வைத்திருக்கிற ஒரு தம்பி, ஏறாவூர் ஆள், இன்டர்நெற்றில் தேடிச் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றும் தண்டவாளமும் வரவழைத்துத் தந்தார். உண்மையான ரயிலைப் போல மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கிற எஞ்சின். மற்றதெல்லாம் நானே செய்தது. ரயில் பெட்டிகளைப் புதுச் சேட் வருகிற மட்டையில் வெட்டினேன். ஜன்னல்களைத் தையல் பிரிக்கிற கத்தியால் எடுத்தேன். இருக்கைக்குப் பழைய பிளவுஸ் துணி. தண்டவாளத்துக்கு நடுவில் போடுகிற கல்லுக்காகக் கருங்கல் தூளைத் தேயிலை வடியில் சலித்தேன். பச்சைத் துவாயை ஒட்டி, அதன் நூலை ஊசியால் கிளப்பிவிட்டால் வேளாண்மை வயல். தென்னைக்கு ஈர்க்கும் நூலும். வாவிக்குப் பலகையில் நிறம் தீட்டி, மேலே வார்னிஷ் பூசிப் பூசிக் காயவைத்தேன். காய முன் நுளம்புகள் விழுந்து ஒட்டிக்கொண்டன. எடுக்கப் போனால் தண்ணீர் கலங்கிவிடும் போலிருந்தது. விட்டுவிட்டேன். அந்தச் சின்ன வாவியின் அளவுக்கு அவை கொக்கைவிடப் பெரிசு.

ஒரு தலையில் ஓட்டமாவடிப் பழைய பாலம். பஸ்ஸும் ரயிலும் ஒரே பாலத்தால் போன காலத்துப் பாலம் அது. மற்றத் தலையில் மட்டக்களப்பு ஸ்டேசன். ஸ்டேசனை அளக்கத்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன். ஏறாவூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ரயில் ஏறாமல் மேடையில் நிற்பேன். யாரும் பார்க்காத நேரம் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துத் தூணின் அகலத்தை அளப்பேன். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன அக்கா, ஸ்டேசனுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" வெள்ளை உடுப்புப் போட்ட ரயில்வேக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் டேப்பைச் சுருட்டக்கூட இல்லை. அதை இழுத்துக்கொண்டே வெளியே வந்து பஸ் ஏறினேன். அதனால்தான் இன்றைக்கும் என்னுடைய ஸ்டேசனில் ஒரு பக்கத் தூண்கள் சரியான அளவு, மற்றப் பக்கத்துத் தூண்கள் குத்துமதிப்பு.

பல வருசம் போனது. பலகைகள் ஹோலின் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர் வரை நீண்டன. பகல் முழுக்க மெஷின், மாலையில் ரயில். பாலத்துக்குப் பின்னால் தொங்கவிட்ட துணியிலிருந்து ரயில் வெளியே வரும். வயலைக் கடந்து, வாவி ஓரமாக வந்து ஸ்டேசனில் நிற்கும். குரோசே ஊசியால் கொளுக்கியை நெம்பி எஞ்சினைக் கழற்றுவேன். அதைத் தனியாக ஓட்டிவந்து மற்றத் தலையில் கொளுவுவேன். பிறகு ரயில் திரும்பிப் போகும். தங்கச்சி கறி கொண்டு வந்தால் ஹோல் வாசலில் நின்று பார்ப்பாள். "இன்னும் முடியல்லியாகா?" என்பாள். "இல்ல" என்பேன். எங்களுக்குள் ரயிலைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான்.

போன வருசம் ஒரு நாள், நான் பட்டன் வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். நூலை எடுத்துச் சுற்றினாள், பிரித்தாள்.

"அக்கா, மூத்தவளுக்கு ஒரு இடம் சரிவருது."

"நல்லம்தானே."

"படுவான்கரைப் பக்கம். பொடியன் கவுண்மேந்து வேலை. வீடு கேக்காங்க."

அவளுக்கு இரண்டு பெண்கள். அவள் இருக்கிற வீடு சின்னவளுக்கு. மூத்தவளுக்கு எது என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. என் வீடு என் தங்கச்சி மகளுக்குப் போவதுதான் எங்கள் முறை.

"உங்கள வெளிய போகச் சொல்லல்ல அக்கா. பின்னுக்கு ஒரு அறை போட்டுத் தாறம். பாத்றூமோட. அவளும் உங்களப் பாப்பாள்தானே."

"ஹோல்?"

"ஹோல் அவங்களுக்கு வேணும்தானே. செற்றி போடோணும், டீவி வைக்கோணும். அந்தப் பலகையள கழட்டலாம்தானே?"

பட்டன் கையிலிருந்து விழுந்து உருண்டது. அதைத் தேடுகிற சாட்டில் குனிந்துகொண்டேன். ஏறாவூர்த் தம்பி அப்போதுதான் டவுனில், புளியந்தீவில் ஒரு கைவேலைக் கண்காட்சி நடக்கப்போகிறது என்றும், நான் ரயிலைக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். பயத்தில் நான் அவருக்கு மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது தங்கச்சியிடம், "கண்காட்சி ஒண்டு இருக்கு. அது முடிய மறுகா சொல்றன்" என்றேன்.

"அதுக்கும் இதுக்கும் என்னகா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், சனியும் ஞாயிறும். பலகைகளை நான்கு துண்டாகக் கழற்றி, பழைய சாரிகளால் சுற்றி, ஒரு சின்னப் பட்டா லொறியில் ஏற்றினோம். நான் பின்னால் ஏறிப் பாலத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். எனக்கு ஒரு பக்கம் முத்திரை சேர்த்தவர், மறுபக்கம் கேக்கில் பூ வைக்கிற இரண்டு பெண்கள். நான் மேசைக்குப் பின்னால், தொங்கவிட்ட துணிக்குள் முக்கால்வாசி மறைந்து நின்றேன். ஏறாவூர்த் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, சனம் கோச்சியப் பாக்க வந்திருக்கு. நீங்களும் சுரங்கத்துக்க போனா எப்பிடி?" என்று சொல்லித் துணியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் போனார்.

சனம் வந்தது. ரயில் பாலத்தால் வந்து ஸ்டேசனில் நின்றதும் ஒரு சிறுமி, "ஏன் நிண்டிட்டு? திரும்பிக் கிறுகாதா?" என்று கேட்டாள். தகப்பன், "மட்டக்களப்பு வந்தா எல்லாரும் இறங்கத்தான் வேணும் மகள்" என்றார். ஒரு வயதானவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார்.

"நேரத்துக்கு வந்திட்டு. அப்ப இது நம்மட கோச்சி இல்ல."

காத்தான்குடியிலிருந்து வந்த இரண்டு பேர் ஸ்டேசனுக்குப் பின்னால் இருந்த வெறும் பலகையைத் தட்டினார்கள். "பலகை மிச்சம் கிடக்கே. எங்கட ஊர் வரைக்கும் போட்டிருக்கலாமே, தங்கச்சி? கவுண்மேந்துதான் போடல்ல, நீங்களாவது போடுங்களன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் கேக்குப் பக்கம் போய்விட்டார்கள். எல்லோரும் அப்படித்தான். ஒருமுறை பார்ப்பார்கள், நல்லாயிருக்கு என்பார்கள், போவார்கள். முதல் நாள் பின்னேரம் மண்டபத்தைப் பூட்டும்போது, வீட்டில் தனியாக ஓடவிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெண் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. கைத்தறிச் சாரி, கையில் மடித்த குடை. பாலத்திலிருந்து ஸ்டேசன் வரை மெதுவாக நடந்தார். திரும்பி ஸ்டேசனிலிருந்து பாலம் வரை நடந்தார். பிறகு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவ்வளத்தையும் நீங்களா செஞ்ச?"

"ஓம்."

"நான் படுவான்கரை, புள்ள. எங்களுக்குக் கோச்சி எண்டா வாவிக்கு அங்கால கேக்கிற சத்தம்தான். ஓடவிடுங்க, பாப்பம்."

ஓடவிட்டேன். எஞ்சினைக் கழற்றி மாற்றியபோது குனிந்து பார்த்தார். "அடி ஆத்தை! ஊசியாலயா கழட்டுற?" என்றார். "இன்னொருக்காச் செய்யுங்க." இன்னொருமுறை செய்தேன். யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவசரத்தில் கொளுக்கி இரண்டு தரம் தவறியது.

"இதெல்லாம் வீட்டுல எங்க வச்சிருந்தீங்க?"

"ஹோல்ல."

"இப்பிடி முழுசா விரிச்சா?"

"ஓம் அக்கா. சுவத்துல இருந்து சுவர் மட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தாராளமா இடம் இருக்கு."

"அப்ப பெரிய ஹோல்தான். மழைக்கு ஒழுகினா இது பழுதாப் போகாதா?"

"ஒரு சொட்டும் ஒழுகாது. அப்பா போட்ட ஓடு. மரமெல்லாம் முதிரை."

"வெள்ளம்?"

"பெரிய வெள்ளத்துக்கும் படியத் தாண்டி வரல்ல. வளவு மேடு."

"கரண்ட் ஒழுங்கா இருக்கோ? இது கரண்ட்லதானே ஓடுது."

நான் பேசினேன். வருசக் கணக்காக யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, தூசு ஏன் குறைவு, காலை வெயில் எந்த ஜன்னலால் விழுந்து வாவி மினுங்கும் என்றெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கேக்குக்காரப் பெண்களிடம் இரண்டு துண்டு வாங்கி எனக்கும் ஒன்று தந்தார். போகும்போது என் கையைப் பிடித்தார்.

"வீட்டுல வச்சும் ஒருக்காப் பாக்கோணும், புள்ள."

"கட்டாயம் வாங்க அக்கா" என்றேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

அன்று லொறியில் திரும்பி வரும்போது எனக்கு ஒரு தைரியம் வந்திருந்தது. ஒரு ஆள் வீடு தேடி வரப்போகிறார். வருகிற நேரம் ரயில் ஹோலில் இருக்க வேண்டும். பின்னறைக்குள் பலகைகளைச் சாத்திவைத்துக்கொண்டு அவருக்கு எதைக் காட்டுவது? தங்கச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

பலகைகளை இறக்கி முடிவதற்குள் அவளே வேலிக் கடவையால் ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, பொடியன்ட தாய் வந்து பாத்திட்டுப் போயிரிக்கா!"

"எங்க வந்த?"

"இஞ்ச இல்ல. அங்க, கண்காட்சிக்கு. இப்பதான் போன் பண்ணினா. நல்ல சந்தோசம் அவக்கு. ஹோல் பெரிசாம், கூரை ஒழுகாதாம், வெள்ளம் வராதாம், காத்தோட்டமாம். எல்லாம் உங்கட வாயாலயே கேட்டிட்டாவாம். வீடு பாக்க எண்டு வந்தா ஆரும் கூட்டித்தானே சொல்லுவாங்க? இப்பிடிக் கேட்டா பொய் வராதாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கெட்டிக்காரிகா!"

நான் கையிலிருந்த பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மழை, வெள்ளம், கரண்ட், நீளம். பாலத்திலிருந்து ஸ்டேசன் வரை அவர் நடந்தது, திரும்பி நடந்தது. அவர் அளந்தது ஹோலை. ஸ்டேசனில் நான் டேப்பைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தேன். அவருக்கு டேப்பும் தேவைப்படவில்லை; என் பலகையே போதுமாயிருந்தது. அவர் மீது கோபப்பட எனக்குத் தெரியவில்லை. மகனைக் கொடுக்கிற வீட்டைத் தாய் பார்க்கத்தானே வேண்டும். அந்தக் கேக்கை நான் ரசித்துத் தின்றதைத்தான் மறக்க முடியவில்லை.

"அப்ப நாளைக்கு ஓம் எண்டு சொல்லட்டா அக்கா?"

"இல்ல" என்றேன்.

"என்ன இல்ல?"

"ஹோல் காலி இல்ல."

அவள் சுற்றிப் பார்த்தாள். பலகைகள் எல்லாம் சுவரோடு சாத்தியிருந்தன. ஹோல் நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு சாரி மட்டும் கீழே கிடந்தது.

"என்னகா பேசிறீங்க? ஒரு விளையாட்டுச் சாமானுக்காகவா? என்ட பிள்ளைட வாழ்க்கை அக்கா இது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

சொல்வதற்கு என்னிடம் சரியான காரணம் இருக்கவில்லை. அந்தப் பெண் வரமாட்டார் என்று இப்போது தெரியும். யாருக்காக ஹோலை வைத்திருக்க நினைத்தேனோ அந்த ஆளே இல்லை. அப்படியிருந்தும் வாய் இல்லை என்றுதான் சொன்னது. என் வாழ்க்கையில் எனக்காக நான் சொன்ன முதலாவது இல்லை அதுவாகத்தான் இருக்கும். அது இவளிடம் போய் விழுந்ததே என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அவள் கடவையால் திரும்பிப் போனாள். அடுத்த நாள் கறி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கொஞ்ச நாளில் கடவையில் மட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். கோழி வருகிறதாம். நான் பலகைகளைப் பூட்டி, லொறியில் விரிந்த இடங்களை ஒட்டி, ரயிலைத் திரும்ப ஓடவைத்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஒரு தடவைக்கு மேல் ஓட்ட மனம் வராத நாட்கள் இருந்தன.

கல்யாணம் நிற்கவில்லை. சம்பந்தி வீட்டார் இறங்கி வந்தார்கள். தங்கச்சியின் வீட்டோடு ஒட்டி இரண்டு அறையும் ஒரு சிறிய ஹோலும் போடத் தொடங்கினார்கள். சீமெந்துக் கலவை மெஷினின் சத்தம் என் தையல் மெஷினுக்கு மேலாகக் கேட்டது. ஒவ்வொரு சுவர் எழும்பும்போதும் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பிறகு ஒரு காலை அவள் வந்தாள். வீதியால், முன் கேற்றைத் திறந்துகொண்டு, புருசனோடு. பட்டுச் சாரி. கையில் வெற்றிலை வட்டா. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மற்றவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். கூடப்பிறந்தவளுக்கு யாரும் வட்டா வைப்பதில்லை. கூடப்பிறந்தவளும் சேர்ந்துதான் மற்றவர்களுக்கு வைக்கப் போவாள். நான் மெஷினை விட்டு எழும்பினேன். என்றும் நிலத்தில் இருக்கிறவள் அன்று கதிரையில் இருந்தாள்.

"மகள்ட கல்யாணம். கட்டாயம் வரோணும்."

"வாறன்."

வெற்றிலை ஒன்றை எடுத்தேன். அவளுடைய புருசன் ஜன்னலால் ஹோலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டேன். இன்னும் எத்தனையோ வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள்.

கல்யாணத்தன்று நான் வீதியால் சுற்றித்தான் போனேன். முற்றத்துப் பந்தலில், அளவு கொடுக்க வருகிற பெண்கள் சிலருக்குப் பக்கத்தில் இருந்தேன். அங்கிருந்த பிளவுஸ்களில் பாதி நான் தைத்தது. கல்யாணப் பெண்ணுடையதை வேறு யாரோ தைத்திருந்தார்கள். தோள் சற்று இறங்கியிருந்தது. தாலி கட்டி முடிந்த பிறகு அந்தப் படுவான்கரை அக்கா சனத்துக்குள்ளால் என்னைக் கண்டு வந்தார்.

"உங்கட கோச்சி?" என்று கேட்டார்.

"இருக்கு."

"ஓடுதா?"

"ஓடுது."

வீட்டுக் கதை முடிந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இனி வேறு ஒன்றும் இருக்க முடியாது. இன்னும் ஏதாவது சொல்ல நினைத்தேன். அதற்குள் போட்டோ எடுக்க யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

சாப்பிட்டேன். கை கழுவினேன். பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்ற தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். நானும் வரிசையில் நின்றேன்.

"அப்ப நான் வாறன்" என்றேன்.

அவளுடைய கண் ஒருமுறை வேலிப் பக்கம் போய் வந்தது. "ஓம்" என்றாள். "வந்ததுக்குச் சந்தோசம்." பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.